ஸ்கூளுக்க பேரு

கன்னியாகுமரி மாவட்டத்தைப் படிப்பு விஷயத்தில் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். இது நேற்று முளைத்த பெருமையும் இல்லை. 1809-ல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளிக்கூடம் தொடங்கினார். 1817-ல் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவைத் திருவிதாங்கூர் அரசே ஏற்கும் என்று அறிவித்தார். அடுத்த வருஷமே இன்னொரு மிஷனரியான மீட் ஐயர் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். கொஞ்ச நாளில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வந்தது. தடையை மீறித் தோளில் சீலை போட்டதற்கு அடி வாங்கிய பெண்களின் பேத்திமார் டீச்சர் ஆனார்கள், ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனார்கள். இருநூறு வருஷமாக ஓயாமல் படித்துக்கொண்டிருக்கிற ஜனம் நாங்கள்.

இப்படி எழுத்து தெரிந்த ஊரில் அரசாங்கத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதையும் செய்ய வேண்டாம். எழுதி வைத்தால் போதும், ஜனம் வாசித்துக்கொள்ளும். ஏதாவது ஒரு உயர்நிலைப் பள்ளிக்குப் போய் மதில் சுவரைப் பாருங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. கல்வி உதவி எண் 14417. போக்சோ சட்டம் பற்றி நாலு வரி. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கத் தடை என்று மண்டையோட்டுப் படத்தோடு ஒரு கட்டம். எல்லாம் முடிந்து வலது மூலையில் பெயிண்டரின் பேரும் செல்போன் நம்பரும். இத்தனை நீளச் சுவரில் தன் வேலைக்குத் தானே பொறுப்பு என்று பேர் போட்ட மனிதர் அவர் ஒருத்தர்தான்.

சுவரில் இருக்கிற வரிகள் சும்மா வந்தவையா என்ன? ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்திருக்கிறோம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் கிருஷ்ணா பள்ளியில் 94 பிள்ளைகள் வெந்து செத்தார்கள். ஓலைக்கூரை தீப்பிடிக்கும் என்பதைக் கல்வித்துறை அதற்கு அப்புறம்தான் கண்டுபிடித்தது. தீர்ப்பு வரப் பத்து வருஷம் ஆனது. 2014-ல் குற்றம் சாட்டப்பட்ட 21 பேரில் 11 பேர் விடுதலை. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் அடித்தட்டில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி ரோட்டில் விழுந்து அதே பேருந்தின் சக்கரத்தில் அகப்பட்டுச் செத்தாள். அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று இருந்தது. பள்ளி வாகனங்களுக்கென்று சிறப்பு விதிகள் அந்த வருஷம்தான் வந்தன. 2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் போனார்கள். பழைய கட்டடங்களை இடிக்கும் இயந்திரங்கள் மாநிலம் முழுக்க அதற்கு அப்புறம்தான் புறப்பட்டன. 2025 ஜூலை 8-ல் கடலூர் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மேல் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். கேட்டுக்கு கேட்டு கேமரா வைக்க உத்தரவு அதற்கு அப்புறம்தான் வந்தது.

கணக்கு விளங்குகிறதா? நம் நாட்டில் அரசாணை கோட்டையில் பிறப்பதில்லை, பிணவறையில் பிறக்கிறது. சவம் விழுந்தால் சுற்றறிக்கை விழும். விழுந்தவர்கள் பெரிய பள்ளிப் பிள்ளைகள் என்றால் சுற்றறிக்கை சீக்கிரம் வரும். கூலிக்காரன் பிள்ளை என்றால் கொஞ்சம் தாமதமாக வரும். சாகாமல் வெறும் காயத்தோடு தப்பிய பிள்ளைக்குச் சுற்றறிக்கையும் கிடையாது.

எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். களியக்காவிளைக்குப் பக்கத்தில் அதங்கோடு. தொல்காப்பியம் அரங்கேறியபோது இருந்து கேட்டவர் அதங்கோட்டாசான் என்று அந்நூலின் பாயிரம் சொல்கிறது. அந்த ஆசானுக்கு இதுதான் ஊர் என்று நாங்கள் மார் தட்டிக்கொள்வது வழக்கம். அங்கதத்தை இரண்டாகப் பகுத்துச் சொன்னதும் அதே தொல்காப்பியம்தான்: முகத்துக்கு நேரே சொல்லும் வசை ஒன்று, மறைத்துச் சொல்லும் வசை ஒன்று. இந்த ஊரில் நடந்ததைச் சொல்ல இரண்டாவது வகை உதவாது.

2022 செப்டம்பர் 24. அங்கே ஒரு தனியார் பள்ளியில் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தான் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன். அதே பள்ளிச் சீருடையில் வந்த இன்னொரு மாணவன் குளிர்பானம் கொடுத்ததாக அவன் சொன்னான். வாங்கிக் குடித்தான். மறுநாள் காய்ச்சல் வந்தது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உள்ளே போனது ஆசிட் என்று தெரிந்தது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. அக்டோபர் 17-ல் பிள்ளை போய்விட்டான். பதினொரு வயது. வழக்கு உள்ளூர் போலீஸிடமிருந்து சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

ஒரு நூலையே குற்றம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்ட ஆசானின் ஊரில், பிள்ளையின் வயிற்றில் என்ன போயிற்று என்று சொல்ல எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி வேண்டியிருந்தது. இனி, அந்த ஒரு பள்ளியை மட்டும் அல்ல, இந்த மாவட்டத்தில் இருக்கிற எல்லாப் பள்ளிகளையும் பார்த்து ஒன்று கேட்கலாம். பரீட்சை ஹாலுக்குள் பிள்ளை பிட்டு அடிக்காமல் பார்க்க ஆள் நிற்கிறது. பறக்கும் படை கூட வருகிறது. ஹால் வாசலிலிருந்து கேட் வரைக்கும் அந்தப் பிள்ளை யார் பொறுப்பு? விடைத்தாளுக்குக் கட்டுக்காப்பு உண்டு, எண்ணிக்கை உண்டு, அரக்கு முத்திரை உண்டு. அதை எழுதிய பிள்ளைக்கு?

விடைத்தாள் தொலைந்தால் பள்ளியின் பேர் கெட்டுவிடும். அதனால்தான் அரக்கு. இந்த ஒரு சங்கதி பிடிபட்டால் மற்ற எல்லாம் தன்னால் விளங்கும். நம் பள்ளிகளில் பாதுகாப்பு இல்லவே இல்லை என்று சொல்வது அபாண்டம். பலமான பாதுகாப்பு இருக்கிறது. மதில் உயரமாக இருக்கிறது, கேட்டில் காவலாளி இருக்கிறார், கேமரா இருக்கிறது, குழு இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். அத்தனையும் காப்பது ஸ்கூளுக்க பேரை. எதிலிருந்து காக்கிறது? பிள்ளைகளிடமிருந்து.

நடைமுறையைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். உங்கள் ஊர்ப் பேரைப் போட்டு வாசித்தாலும் பொருந்தும். ஒரு பிள்ளை அழுதுகொண்டே வந்து இன்ன சார் இன்ன மாதிரி நடந்துகொண்டார் என்று டீச்சரிடம் சொல்கிறது. டீச்சர் முதல் வேலையாகக் கதவைச் சாத்துகிறார். "வேற யாருக்கிட்டயாவது சொன்னியா மக்கா?" என்று கேட்கிறார். இல்லை என்றதும் அவருக்குப் பாதி உயிர் திரும்பி வருகிறது. அவர் ஹெட்மாஸ்டரைக் கூப்பிடுகிறார். ஹெட்மாஸ்டர் கரெஸ்பாண்டென்டைக் கூப்பிடுகிறார். கரெஸ்பாண்டென்ட் வக்கீலைக் கூப்பிடுகிறார். வக்கீல் தெரிந்த அரசியல்வாதியைக் கூப்பிடுகிறார். இத்தனை பேரும் இத்தனை பேரைக் கூப்பிடுகிற நேரத்தில், கூப்பிட வேண்டிய 1098 மதில் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது.

சாயங்காலம் அப்பனையும் அம்மையையும் வரச்சொல்லி, என்றைக்கும் இல்லாத மரியாதையாக நாற்காலி போட்டு, சாயா வாங்கிக் கொடுத்து, பைய ஆரம்பிப்பார்கள்: "பொம்பளப் பிள்ளையாக்கும். நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்காண்டாமா? ஸ்கூளுக்க பேரும் கெட்டுப்போவும், பிள்ளைக்க பேரும் கெட்டுப்போவும். நாங்க பாத்துக்கிடுவோம்." இரண்டு பெயரும் ஒரே மூச்சில் வரும், ஸ்கூளுக்க பேருதான் முன்னால் வரும். அடுத்த வாரமே டி.சி. எழுதி ரெடியாக இருக்கும், சொன்ன பிள்ளைக்கு. செய்தவருக்கு இடமாறுதல், வேறொன்றுமில்லை, வேறு ஊர்ப் பிள்ளைகள்.

இதற்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் அமலுக்கு வந்தது. நாள் பார்த்து நவம்பர் 14, குழந்தைகள் தினத்தில். விஷயம் தெரிந்த எவரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அதன் 19-வது பிரிவு. தெரிவிக்காவிட்டால் தண்டனை என்கிறது 21-வது பிரிவு; நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. டீச்சர் சாத்திய அந்தக் கதவும், கரெஸ்பாண்டென்ட் வாங்கிக் கொடுத்த அந்த சாயாவும் சட்டப்படி குற்றத்தின் பகுதி. தேரூரில் பிறந்த கவிமணி, வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே மருமக்கள்வழி மான்மியம் என்று ஓர் அங்கதம் எழுதினார். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர்களின் சொத்துச் சட்டம் மாறியது, மாறியதில் அந்தச் சிரிப்புக்கும் பங்குண்டு. அன்றைக்கு அங்கதம் சட்டம் ஆனது. இன்றைக்குச் சட்டம் அங்கதம் ஆகிவிட்டது.

கண்டிப்பு இல்லாத பள்ளிகள் என்றும் நினைத்துவிடாதீர்கள். காலை அசெம்பிளியில் பாருங்கள். முடி ஒரு விரற்கடை கூடி இருந்தால் வெளியே நிற்க வேண்டும். பேண்ட் இறுக்கமாக இருந்தால் அப்பனைக் கூட்டிவர வேண்டும். கொலுசு சத்தம் கேட்டால் கழற்ற வேண்டும். பிள்ளையை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் சோதிக்கிற இந்த வல்லுநர்கள், பள்ளிக்குள் நுழைகிற பெரிய ஆளைச் சோதிப்பார்களா?

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் நடந்தது. என்.சி.சி.க்கே தெரியாத என்.சி.சி. முகாம். சீருடை போட்டு ஒருவன் வந்தான், உள்ளே விட்டார்கள். பெண்பிள்ளைகளை இரவில் பள்ளி வளாகத்திலேயே தங்க வைத்தார்கள். பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். சொன்ன பிள்ளைகளிடம் வெளியே பேசாதே என்றார்கள். பிற்பாடு மறைத்த குற்றத்துக்காகப் பள்ளியின் முதல்வர் உட்படப் பலர் கைதானார்கள். மாணவனின் ஷூவுக்குப் பாலிஷ் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, வந்தவனிடம் அடையாள அட்டையைக் கேட்கத் தெரியவில்லை. அட்டை கேட்டால் விருந்தாளி மனம் புண்படும். முகாம் நடந்த போட்டோ பேப்பரில் வந்தால் ஸ்கூளுக்க பேரு உயரும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021-ல் சென்னையில் பெரிய பள்ளி ஒன்றின் ஆசிரியர் ஆன்லைன் வகுப்பிலேயே மாணவிகளிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புகார் வெடித்த பிறகு, பள்ளிக்குப் பள்ளி மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு என்று ஆணை வந்தது. 'மாணவர் மனசு' என்று பெட்டி வந்தது. பெயர் வைத்தவருக்கு நல்ல மனசு. பெட்டி எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறை வாசலில், ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரிகிற இடத்தில். ஹெட்மாஸ்டரைப் பற்றிப் புகார் எழுதுகிற பிள்ளை ஹெட்மாஸ்டரின் கண் முன்னால் போட வேண்டும். யார் போட்டது என்று கண்டுபிடிக்கக் கேமராவும் அதே வராந்தாவில். பூட்டு நல்ல பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்ப்பார்கள். குழுவின் பதிவேட்டில் மட்டும் கூட்டம் தவறாமல் நடந்திருக்கும். உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே பேனாவில், ஒரே நாளில், ஆறு கூட்டத்துக்கும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். "புகார் ஏதுமில்லை" என்பது தீர்மானம். பெட்டியைத் திறக்காதவரை அது உண்மையும்கூட.

உறுதிமொழிகளும் நிறைய எடுக்கிறோம். 2022 ஆகஸ்டில் முதலமைச்சரே முன்நின்று போதைப்பொருளுக்கு எதிராக மாணவர்களை உறுதிமொழி எடுக்கச் சொன்னார். மாநிலம் முழுக்கப் பிள்ளைகள் வெயிலில் கை நீட்டி நின்றார்கள். விற்கிறவன் கை நீட்டவில்லை. அவனிடம் யாரும் கேட்கவும் இல்லை. குட்கா 2013-லிருந்து தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட சரக்கு. 2024-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, 'கூல் லிப்' என்ற பொட்டலம் பள்ளி மாணவர்களிடம் இவ்வளவு புழங்குகிறதே, இதை நாடு முழுக்கத் தடை செய்தால் என்ன என்று கேட்டது. 11 வருஷம் தடையில் இருந்த சாதனம் ஒன்பதாம் வகுப்புப் பையனின் உதட்டுக்கடியில் இருக்கிறதென்றால், தடை யாருக்கு, வழி யாருக்கு? 100 கஜம் என்று சுவரில் எழுதிய பெயிண்டருக்கே அந்தப் பெட்டிக்கடை தெரியும். போலீசுக்குத் தெரியாமல் இருக்குமா?

பள்ளிக்குள்ளே இந்த லட்சணம் என்றால் ரோட்டில் வேறு மாதிரி. எங்கள் மாவட்டத்தில் மலையை உடைத்துக் கேரளத்துக்குக் கொண்டுபோகிற லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கடலில் போட்ட பாறையில் குமரி மலையும் உண்டு. பள்ளி விடுகிற நேரத்திலும் போகிற நேரத்திலும் கனரக லாரி ஓடக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் நேரக் கட்டுப்பாடு விதித்தது. நல்ல உத்தரவு. லாரிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்பது தனிக் கேள்வி. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை ரோட்டில் காலை வேளையில் நின்று பாருங்கள்: அந்தப் பக்கம் பத்து சக்கரத்தில் பாறை போகும், இந்தப் பக்கம் கூட்டம் பிதுங்கும் அரசுப் பேருந்தின் படிக்கட்டில், ஒரு கால் காற்றில், முதுகில் பத்துக் கிலோ புத்தகத்தோடு பிளஸ் ஒன் மாணவன் தொங்கிக்கொண்டு போவான். குமரி மாவட்டத்து மலை பத்திரமாகத் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளை வீடு வந்து சேர்வதற்குத்தான் குமாரகோயில் முருகனுக்கு நேர்ச்சை.

படிக்கட்டில் தொங்குகிற பையனுக்கு அடி உண்டு, அபராதம் உண்டு, அறிவுரை உண்டு. எட்டரை மணிக்கு இன்னொரு பேருந்து விட்டால் அவன் ஏன் தொங்கப்போகிறான் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கவலையே கிடையாது. அவர்களுக்குத் தண்ணீரும் படகும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நாங்குநேரி அதிக தூரம் இல்லை. 2023 ஆகஸ்டில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனை வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். சாதியைச் சொல்லித் துன்புறுத்துகிறார்கள் என்று அந்தப் பையன் பள்ளியில் புகார் சொல்லியிருந்தான். புகாருக்குக் கிடைத்த பலன் அரிவாள். முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அவர் நூற்றுக்கணக்கான பக்கத்தில் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறு வேண்டாம், 500 பேருக்கு மேல் படிக்கிற பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார்.

அப்போதுதான் தமிழ்நாடு கொதித்தது. அரிவாளுக்குக் கொதிக்காத ரத்தம் கயிற்றுக்குக் கொதித்தது. நெற்றியில் இட்டதை அழிக்கச் சொல்கிறார் என்று ஒரு கூட்டம் தெருவுக்கு வந்தது. சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு கவுன்சிலர் அறிக்கை நகலைக் கிழித்தார். கிழிக்காதவர்கள் என்ன செய்தார்கள்? கையில் வாங்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், பரிசீலிப்போம் என்றார்கள். ஒருத்தர் கிழித்தார், ஒருத்தர் பூட்டி வைத்தார். அறிக்கைக்கு இரண்டும் ஒன்றுதான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பரீட்சை எழுதப் பேருந்தில் போன ஒரு மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். கை என்பது எழுதுவதற்கு. வெட்டியவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மேலே இரண்டு அரசுகள். 2024-25-க்கு சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை டெல்லி தரவில்லை என்று சென்னை சொன்னது, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, பணம் வரும் என்று டெல்லி சொன்னது. பிள்ளைகளைப் பிணை வைத்து இப்படிப் பேரம் பேசுவது டெல்லிக்கு அழகு. அந்தப் பணம் நின்றுபோவதற்கு முன்னால் ஒவ்வொரு பள்ளியிலும் மனநல ஆலோசகர் உட்கார்ந்திருந்தாரா என்று கேட்டால் பேச்சை மாற்றுவது சென்னைக்கு அழகு. பெஞ்சை 'ப' வடிவில் போடலாமா, தண்ணீர் குடிக்க எத்தனை மணிக்கு மணி அடிக்கலாம் என்பதற்கெல்லாம் 2025-ல் யோசனை வந்தது, விவாதம் நடந்தது, டி.வி.யில் நான்கு பேர் கத்தினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை ஏன் இரண்டு மாதமாகச் சிரிக்கவில்லை என்று கேட்க ஓர் ஆளைப் போடுவதற்கு மட்டும் நிதி ஒதுக்கீடு இல்லை.

கேரளத்தைப் பார், அங்கே எல்லாம் ஒழுங்கு என்று எங்கள் ஊரில் ஒரு கட்சி எப்போதும் உண்டு. பார்த்தோம். 2019 நவம்பரில் வயநாட்டில் வகுப்பறைத் தரையின் பொந்திலிருந்து பாம்பு கடித்து ஒரு சிறுமி செத்தாள். சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று கூடப் படித்த பிள்ளைகளே சொன்னார்கள். 2025 ஜூலையில் கொல்லம் பக்கத்தில் பள்ளி சைக்கிள் கொட்டகைக்கு மேலே தாழ்வாகத் தொங்கிய மின்கம்பியில் எட்டாம் வகுப்புப் பையன் அடிபட்டுப் போனான். பாம்புக்கும் கம்பிக்கும் மாநில எல்லை தெரியாது. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கும் தெரியாது. ஒரே வித்தியாசம், அங்கே மறுநாள் வகுப்புப் பிள்ளைகளே மைக்கின் முன் நின்று நடந்ததைச் சொன்னார்கள். நம்மூரில் அதற்கு முன்பே பள்ளிக்கு விடுமுறை விட்டிருப்பார்கள்.

பெற்றோரை விட்டுவிடலாமா? "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சாரே" என்று பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்த பரம்பரை நாம். அதற்குப் பேர் குருபக்தி. வாத்தியார் அடித்தார் என்று பிள்ளை வந்து சொன்னால், நீ என்ன செய்தாய் என்று கேட்டு வீட்டில் இன்னொரு தவணை கொடுப்போம். பிறகு அந்தப் பிள்ளை வேறு எதைத்தான் வந்து சொல்லும்? இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 17-வது பிரிவில் அடிக்கவும் மனத்தை நோகடிக்கவும் தடை விதித்தது. அந்தச் சட்டம் கல்வி உரிமையைக் கொடுத்தது 14 வயது வரைக்கும். ஒன்பதாம் வகுப்பில் ஏறியதும் உடம்பு மரமாகிவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்களோ என்னவோ.

ஒன்பதாம் வகுப்பைப் பற்றிச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி வேண்டும் என்றால், தேறாத பிள்ளையை ஒன்பதிலேயே கழித்துவிட வேண்டும். பல தனியார் பள்ளிகளில் அது நுட்பமாக நடக்கிறது. அப்பனைக் கூப்பிட்டு, "இவனுக்கு இந்த சிலபஸ் செட்டாவாது, வேற ஸ்கூள் பாருங்க" என்பார்கள். ஜூன் மாதம் அந்தப் பள்ளியின் வாசலில் பிளெக்ஸ் நிற்கும்: 100 சதவீதத் தேர்ச்சி. கழிக்கப்பட்ட பிள்ளைகள் அந்த பிளெக்ஸில் இல்லை. கல்வித்துறையும் மாவட்டத் தேர்ச்சி விகிதத்தை இரண்டு தசம ஸ்தானம் வரை கணக்குப் போட்டு வெளியிடும், 0.2 குறைந்தால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். ஒரு வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் புகார் சொன்னார்கள், எத்தனைக்கு நடவடிக்கை எடுத்தோம் என்று மட்டும் இந்தக் கணித மேதைகள் எந்த ஜூனிலும் வெளியிட்டதில்லை.

அதை வெளியிடச் சொல்ல வேண்டும். மாவட்டவாரியாக, பள்ளிவாரியாக, தேர்ச்சி விகிதம் வருகிற அதே பக்கத்தில். வந்த புகார் இத்தனை, 24 மணி நேரத்தில் போலீசுக்குப் போனது இத்தனை, ஆலோசகர் இருக்கிற பள்ளி இத்தனை. அப்போது ஒரு விசித்திரம் தெரியும்: பத்துப் புகார் வந்த பள்ளியைக் கெட்ட பள்ளி என்று ஊர் சொல்லும். அது பிள்ளை வாய் திறக்கப் பயப்படாத பள்ளி. இத்தனை நூறு பிள்ளைகள் படித்தும் பத்து வருஷமாக ஒரு புகார்கூட வராத பள்ளி இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில்கூட உங்கள் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். அது ஒழுங்கான பள்ளி இல்லை. வாய் அடைத்த பள்ளி.

வாசிக்கிற அம்மைமார், அப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. எழுத்தறிவு 91.75 சதவீதம் என்றால் கேள்வி எழுதவும் தெரியும் என்றுதான் பொருள். அடுத்த பி.டி.ஏ. கூட்டத்துக்குப் போகும்போது பீஸ் எவ்வளவு, நீட் கோச்சிங் உண்டா என்று கேட்பதற்கு முன்னால், நாலே நாலு கேளுங்கள். பாதுகாப்புக் குழுவில் இருப்பது யார் யார், கடைசியாக எப்போது கூடினார்கள்? பெட்டியின் சாவி யார் கையில்? வகுப்பறைக்கும் கேட்டுக்கும் நடுவில் என் பிள்ளை யார் பொறுப்பு? வெளியாள் பள்ளிக்குள் வந்தால் அவன் யார் என்று சரிபார்ப்பது யார்? பதில் வரும்வரைக்கும் நாற்காலியை விட்டு எழும்பாதீர்கள். சாயா கொண்டுவந்தால் குடிக்காதீர்கள். "ஸ்கூளுக்க பேரு..." என்று ஆரம்பித்தால், அங்கேயே நிறுத்திச் சொல்லுங்கள்: "பேரை நீங்களே வச்சுக்கிடுங்க சாரே. எங்க பிள்ளைய முழுசா திருப்பித் தாங்க."